கோயில் கம்ப்யூட்டருக்கு மூன்று ஓலை

கிட்ட வாங்க கண்ணுகளா. அந்த ஃபேனைச் சித்தக் குறைச்சு வைங்க, என் குரல் அதுக்கு மேல எழும்பாது. இன்னைக்கு உங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்த கதையைச் சொல்லப் போறேன். பயந்துக்காதீங்க. எனக்கே விளங்கின சமாச்சாரம், உங்களுக்கு விளங்காமப் போகாது. இதிலே வர்றது ஒரு கோயில் ஆபீஸ், ஒரு பழைய கம்ப்யூட்டர், அதைத் தன் கையாலேயே துடைத்துவிட்டுத் தவித்த ஒரு பொம்பளை, தன் வீட்டுக்காரி எந்த இடத்தில் படுத்திருக்கிறாள் என்று தெரியாமல் நின்ற ஒரு பெரிய மனுசன். அவ்வளவுதான். உட்கார்ந்து கேளுங்க.

சிங்காநல்லூர்க் குளத்தைத் தாண்டி, மில் லைன் வீடுகளுக்குப் பின்புறம் எங்கள் மாதா கோயில். கோயிலை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ். அதில் பத்தொன்பது வருசமாக உட்கார்ந்திருப்பவள் டெய்சி. ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட், கல்யாண ஓலை, பூசைக் கருத்து, கல்லறை லிஸ்ட், எதுவானாலும் அவள் கைவழியாகத்தான் போகும், வரும். நாற்பத்தாறு வயசு. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். கோபம் வந்தால் மூடமாட்டாள்.

அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர், ஒரு மில் முதலாளி தனக்குப் புதுசு வாங்கியபோது கோயிலுக்குக் கொடுத்த பழசு. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டெய்சி மெழுகுவர்த்தி ஸ்டாண்டைத் துடைக்கப் போய்விடுவாள். கோயில் கூட்டுகிற பூவாத்தாள், வாசலில் ஆரம்பித்துப் பீடம் வரைக்கும் கூட்டி முடிக்கிறபோதுதான் அது பாதிக் கண்ணைத் திறந்திருக்கும்.

"ஏங் கண்ணு, உன்ற பொட்டி எந்திரிச்சிருச்சா?" என்று பூவாத்தாள் கேட்பாள்.

"இன்னும் பல்லே வெளக்கலீங்க்கா."

இது தினமும் நடக்கிற பேச்சு.

போன செப்டம்பரில் மேற்றிராசனத்திலிருந்து, அதாவது பிஷப் ஆபீசிலிருந்து, ஒரு கடிதம் வந்தது. எல்லாப் பங்குக் கோயில்களுக்கும் ஒரே மாதிரிப் புது சாஃப்ட்வேர் வருகிறது, நவம்பர் முதல் வாரம் ஆள் வந்து ஏற்றிக் கொடுப்பார், அதற்கு வேண்டிய இடத்தைக் கம்ப்யூட்டரில் காலி செய்து வையுங்கள் என்று இருந்தது. எங்கள் பங்குச்சாமி ஃபாதர் கிறிஸ்டோ, வந்து ஒரு வருசம்தான் ஆகிறது. நடந்தால் அங்கி சடசடவென்று சத்தம் போடும், அத்தனை வேகம். கடிதத்தை டெய்சி மேசையில் வைத்தார்.

"டெய்சி, வேண்டாத புரோகிராமை எல்லாம் எடுத்துடுங்க."

"எது வேண்டாததுங்க சாமி?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு வேண்டாதது எதுன்னு தெரியுமுங்க. அடுத்தவங்களுக்கு வேண்டியதான்னு எனக்கெப்படித் தெரியும்?"

டெய்சி இப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. ஆறு வருசத்துக்கு முன்னால் கோயில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, பூச்சி அரித்த ஒரு நீலத்துணி மூட்டையைத் தரை துடைக்கட்டும் என்று பூவாத்தாளிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த திருவிழாவுக்குத்தான் விசயம் வெளியே வந்தது. அது இந்தக் கோயிலில் முதன்முதலாக ஏறிய கொடி. அதைத் தைத்துக் கொடுத்த வீட்டுப் பெரியம்மா வந்து, வாளிக்குள் கிடந்த துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிழிந்து கொடிக்கயிற்றில் காயப்போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு டெய்சி தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்போம் இல்லையா? இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று? அதே மாதிரி, இந்தக் கோயிலை விட்டு எந்தச் சாமான் வெளியே போவதானாலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். கால் உடைந்த பெஞ்சு, காது போன கிறிஸ்துமஸ் குடில் ஆட்டுக்குட்டி, ஓட்டை மணி எல்லாமே ஓலை வாசித்துத்தான் போயின. ஊர் சிரித்தது, பிறகு பழகிவிட்டது.

ஆகவே இதற்கும் ஓலைதான் என்றாள் டெய்சி. ஃபாதர் முதலில் முடியாது என்றார். "கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு ஓலை வாசிச்சா மேற்றிராணியார் என்னைக் கூப்பிட்டுக் கேப்பாருங்க" என்றார். டெய்சி நீலக்கொடிக் கதையைச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சரி என்றார்.

கம்ப்யூட்டருக்குள் என்னென்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டுகிற ஒரு பக்கம் உண்டாம். டெய்சி அதைத் திறந்தாள். தொண்ணூற்று நாலு பேர் குடியிருந்தார்கள். வைரஸைப் பிடிக்கிற புரோகிராம் மட்டும் மூன்று, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. செத்துப் போன நாலு பிரிண்டர்களுக்கு நாலு. சி.டி. போடுகிற வாயே திறக்காத கம்ப்யூட்டரில் சி.டி. எழுதுகிற புரோகிராம் இரண்டு. முப்பது நாளில் இங்கிலீஷ் பேசவைப்பது ஒன்று. பிரிண்டர் அன்றைக்கு ஓடவில்லை. தொண்ணூற்று நாலு பெயரையும் ஆபீஸ் நோட்டுத்தாளில் தன் கையாலேயே எழுதி, கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்டினாள்.

அக்டோபர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் ஃபாதர் கிறிஸ்டோ முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு வாசித்தார். "பங்கு அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கப்பட இருக்கும் புரோகிராம்களின் பட்டியல் வெளியே ஒட்டப்பட்டுள்ளது. இவற்றை நீக்குவதில் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்கு அலுவலகத்தில் தெரிவிக்கவும். இது முதலாம் ஓலை."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. வெளியே போர்டைச் சுற்றிக் கூட்டம்.

"கோயில் கம்ப்யூட்டர்ல ஜாதகப் பொருத்தம் பாக்கற புரோகிராம் இருக்குதுங்க! ஆருங்க போட்டது?" என்று ஒருத்தர் கத்தினார்.

திங்கட்கிழமை பாட்டுக் குழுக்காரர் ஒருத்தர் ஆபீஸ் ஜன்னலோரம் வந்து, "டெய்சி, அந்த முப்பத்தி மூணாம் நம்பரை எடுத்துப்போடுங்க. நானு வந்ததா ஆருகிட்டயும் சொல்லவேண்டாம்" என்றார். நானும் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர் பேத்திக்கு இப்போதுதான் வரன் பார்க்கிறார்கள்.

கீபோர்டு வாசிக்கிற ஷெர்வின் தன் பாட்டுப் புரோகிராமுக்குத் தடை சொன்னான். ஞாயிறு மறைக்கல்வி டீச்சர், பிள்ளைகள் வண்ணம் தீட்டுகிற விளையாட்டுக்குத் தடை சொன்னார். இப்படி மூன்று வாரத்தில் இருபத்தி மூன்றுக்குத் தடை வந்தது. டெய்சி ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் டிக் போட்டாள். மிச்சம் எழுபத்தி ஒன்று.

இப்போது ஞானாபரணம் ஐயாவைச் சொல்ல வேண்டும். மில்லில் டைம் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். எழுபத்தி மூன்று வயசு. ரிட்டையர் ஆன பிறகு பதினோரு வருசம், கோயிலுக்கு வேண்டிய தமிழ் எல்லாவற்றையும் இதே கம்ப்யூட்டரில் சும்மாவே அடித்துக் கொடுத்தவர். கண்ணில் புரை விழுந்த பிறகுதான் நிறுத்தினார். ஒரு கண் ஆபரேசன் ஆகிவிட்டது, இன்னொன்று தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. மனைவி ரூத் இறந்து பன்னிரண்டு வருசம். மகள் ஜோவிதா உக்கடத்தில் இருக்கிறாள்.

மூன்றாம் ஓலை அன்றைக்கு அவர் போர்டுக்கு முன்னால் நின்றார். டெய்சி ஒவ்வொரு பெயராக அவருக்கு வாசித்துக் காட்டினாள். நாற்பத்தி ஒன்றாவது பெயர் வந்தது.

"என்.எஸ்.எல். டூல்ஸ் ரெண்டு புள்ளி ஒண்ணு. இது நீங்க ஏதாச்சும் போட்டதுங்களா ஐயா?"

"நானு போட்டது தமிழ் அடிக்கற பொட்டி ஒண்ணே ஒண்ணுதானுங்க அம்மணி. அதுக்குப் பச்சையா ஒரு கிளிப் படம் இருக்கும். டூல்ஸ்னா இது ஏதோ ஸ்பேனர் சமாச்சாரம். எடுத்துப்போடுங்க."

டெய்சி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கிளி பத்திரமா இருக்குதுங்க."

"அப்பறமென்ன? மூணு ஓலையும் ஆச்சு. தாலியக் கட்டுங்க" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை டெய்சி காலை டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு பெயரைத் தொடுவாள், நீக்கு என்பாள், கம்ப்யூட்டர் ஒன்றுக்கு மூன்று தடவை நிஜமாகவா நிஜமாகவா என்று கேட்கும், ஆமாம் என்பாள். அடுத்தது. சிலது போக மனசில்லாமல் அழும். 'எங்களை ஏன் விட்டுப் போகிறீர்கள்' என்றுகூட ஒன்று கேட்டதாம். சிலது போகும்போது, 'இந்தப் பைல்களை வேறு புரோகிராமும் பயன்படுத்தலாம், இவற்றையும் நீக்கவா' என்று கேட்கும். முதல் பத்துக்கு டெய்சி நின்று யோசித்தாள். நாற்பத்தி ஒன்றாவதுக்கு வரும்போது மணி ஒன்று, பசி, கை பழகிவிட்டது. 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று ஒரு பொத்தான். அமுக்கினாள்.

நாலு மணிக்கு முடிந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பூவாத்தாள் விளக்குமாற்றைக் கையில் எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது.

"அட, குளிச்சுப் பவுடர் போட்டுட்டு நிக்குதே!" என்றாள் பூவாத்தாள்.

ஃபாதருக்கும் சந்தோசம். இடம் வேண்டியதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம் புதன்கிழமை. அந்த ஞாயிறு கல்லறைத் திருநாள். உங்களில் தெரியாதவர்கள் இருந்தால் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைப்போம். சாமி ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். அந்த வருசம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிக்கல். ஆடியில் சுற்றுச்சுவர் இடிந்து, புதுச்சுவர் எழுப்பினார்கள். மழைத்தண்ணீர் நிற்கிறது என்று லாரியில் மண் அடித்து மேடாக்கினார்கள். சிமெண்ட் கட்டின கல்லறைகள் தப்பின. மண் கல்லறைகளின் சிலுவைகளை எல்லாம் பிடுங்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டார்கள். பாதி மரச்சிலுவையில் பெயரே இல்லை, இருந்தாலும் அது நின்ற இடம் எது என்று சொல்ல வழியில்லை. நிழலுக்கு நின்ற வேம்பும் போய்விட்டது.

ஆனால் லிஸ்ட் இருக்கிறதே என்று எல்லாரும் தைரியமாக இருந்தார்கள். இன்ன வரிசை, கிழக்குத் தூணிலிருந்து இத்தனை அடி, இன்னார், இன்னாருடைய மனைவி அல்லது மகன் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரில் லிஸ்ட் இருந்தது. ஞானாபரணம் ஐயா அடித்து வைத்தது. அதைக் காகிதத்தில் எடுத்த ஒரே பிரதியைச் சுவர் கட்ட வந்த காண்டிராக்டர் வாங்கிக்கொண்டு போனார், திரும்பவில்லை. இறந்தவர் பதிவுப் புத்தகம் தனியாக இருக்கிறது, ஆனால் அதில் தேதி இருக்குமே தவிர இடம் இருக்காது.

டெய்சி லிஸ்டைத் திறந்தாள். திறந்தவுடன் மூடினாள். மறுபடி திறந்தாள்.

எண்கள் அப்படியே இருந்தன. முதல் வரிசை, ஆறு அடி. முதல் வரிசை, ஒன்பது அடி. எதிரே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்து, கமா, புள்ளி, ஸ்டார் எல்லாம் அள்ளிக் கொட்டின மாதிரிக் கிடந்தது. படுத்திருந்த இடமெல்லாம் இருக்கிறது, படுத்திருந்தவர்கள்தான் காணோம். டெய்சி திரையின் மூலையைப் பார்த்தாள். பச்சைக்கிளி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாள் படம்.

உக்கடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற அஃபானைக் கூப்பிட்டாள். கோயிலுக்கு எப்போதும் வருகிறவர்தான், மத்தியானத் தொழுகையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு மணி நேரம் பார்த்தார்.

"அக்கா, என்.எஸ்.எல். டூல்ஸ்னு ஒண்ணை எடுத்தீங்களா?"

"எடுத்தேன் தம்பி. மூணு ஓலை வாசிச்சுத்தான் எடுத்தேன்."

"அதுதாங்க்கா உங்க கிளி. நரசிம்மலுன்னு காந்திபுரத்துல ஒருத்தரு மில் ஆபீசுக்காரங்களுக்காகத் தானே செஞ்சு வித்த தமிழ் டைப் பொட்டி. அவரு பேருல இருந்து பொறுக்கின எழுத்துத்தான் அது. கிளி வாசல்ல மாட்டியிருந்த படம். ஊடு அந்த டூல்ஸ். அது போனதோட தமிழ் எழுத்தும் சேர்ந்து போயிருச்சு."

"மறுபடி போட முடியாதா?"

"நரசிம்மலு காலமாகி அஞ்சு வருசம். அந்தக் கடையில இப்ப செல்போன் கவர் விக்கறாங்க. நெட்டுல தேடிட்டேன், இல்லை. என்கிட்ட இருக்கற ஏழெட்டுத் தமிழ் எழுத்தையும் போட்டுப் பாத்துட்டேன். தமிழ் வருது, ஆள் பேரு வரலை." ஒரு பெயரைக் காட்டினார். 'ஊக்ளொழை' என்று இருந்தது. அப்படி யாரும் எங்கள் பங்கில் சாகவில்லை.

டெய்சி அன்றைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பூவாத்தாள் வந்து, "ஓலை வாசிச்சுத்தானே கண்ணு எடுத்தே, உன்ற தப்பு என்ன இருக்குது?" என்றாள்.

"ஐயாவுக்கு வாசிச்சது என்ற வாய்தான் அக்கா. அமுக்குனது என்ற கை."

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஞானாபரணம் ஐயா வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் சுண்ணாம்புத்தூளும், மெழுகுவர்த்திக் கட்டும், அளவு டேப்பும்.

"ஏனுங்க அம்மணி, ரூத்துக்கு எந்த வரிசை, எத்தனை அடின்னு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. இன்னைக்கே போயி அடையாளம் வெச்சுட்டா ஞாயித்துக்கிழமை ஜோவிதா வரும்போது தடுமாற வேண்டியதில்லை."

டெய்சி எழுந்து நின்றாள். சுற்றி வளைக்கவில்லை. "அந்த லிஸ்டை நானு அழிச்சுப்போட்டேனுங்க ஐயா. நீங்க போட்ட கிளியை எடுத்துட்டேன். பேரெல்லாம் போச்சுங்க."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எடுத்துப்போடுங்கன்னு சொன்னது நானுதானே" என்றார்.

"உங்களுக்கு நம்பர் ஞாபகம் இல்லீங்களா? நீங்களே அடிச்சதுதானுங்களே."

"அந்த ஒரு வரியை மட்டும் கண்ணை மூடிட்டு அடிச்சேன் அம்மணி. பாத்தா அடிக்க முடியும்னு தோணலை. அதுக்கப்பறம் எங்கே நம்பரு? வேம்பு இருந்துச்சு, போனா கால் தானா நிக்கும். போன வாரம் போயி நின்னேன். சுத்திச் சுத்தி வந்தேன். மண்ணு எல்லாம் ஒரே மாதிரி இருக்குது." மஞ்சப்பையைக் காலால் கொஞ்சம் நகர்த்தினார். "எந்த மண்ணுல மெழுகுவர்த்தி வெச்சாலும் சாமிக்குத் தெரியும்னு சொல்வாங்க. எனக்குத் தெரியணுமில்லீங்களா?"

டெய்சி லிஸ்டைத் திரையில் திறந்து வைத்தாள்.

"இப்ப அதுல என்ன தெரியுது?" என்று திரையைக் காட்டிக் கேட்டார். அவர் கண்ணுக்கு அது வெறும் வெளிச்சம்.

"கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்துங்க."

"படிங்க பாக்கலாம்."

"இதையா? அர்த்தமே இல்லீங்க."

"சும்மா படிங்க அம்மணி. மொத வரி."

டெய்சி படித்தாள். "எம். இ. அப்பறம் மேல புள்ளி, கீழ கமா. பெரிய என். ஜே. ஹெச். இசட். பி."

அவர் இரண்டு கையையும் மேசை விளிம்பில் வைத்திருந்தார். டெய்சி படிக்கப் படிக்க, வலது ஆட்காட்டி விரல் ஒரு தட்டு. இடது நடுவிரல் ஒரு தட்டு. வலது சுண்டு விரல். டெய்சி நிறுத்திவிட்டாள்.

"அந்தோணி" என்றார் அவர்.

"எப்படிங்க?"

"எனக்கென்ன தெரியும்? வெரலுக்குத் தெரியுது. நரசிம்மலு எங்க மில்லு டைப் மிசின்ல எந்த எழுத்து எங்கே இருந்துச்சோ அங்கேயே வெச்சுக் குடுத்தான். நான் தமிழை அமுக்கினேன், அது உள்ளே இங்கிலீஷ் பட்டனாத்தான் எழுதி வெச்சிருக்குது போல. அடுத்தது படிங்க."

டெய்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டை எடுத்தாள். அவள் படிப்பாள், அவர் விரல் தட்டும், வாய் சொல்லும், அவள் எழுதுவாள். சவரிமுத்து. லூர்து, சவரிமுத்து மகன். பெண் குழந்தை, பெயரிடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஐயா ஒரு வார்த்தை சேர்த்தார். "இவன் மில்லுல வார்ப்பிங் செக்சன்ல இருந்தான். கடைசி வரைக்கும் பீடியை விடலை." "இந்தம்மா சண்டைன்னா தெரு முனைக்கே கேக்கும்." டெய்சி வாயைக் கையால் மூடாமல் சிரித்தாள். பூவாத்தாள் விளக்குமாற்றோடு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான்காம் வரிசை வந்தது. முப்பத்தி ஐந்தாம் அடி முடிந்து, அடுத்த வரி.

"நாலாம் வரிசை, முப்பத்தெட்டு அடி. 'அண்டு'ன்னு போடற அந்த வளைஞ்ச குறி. ஜே. மேல புள்ளி கீழ கமா. அப்பறம் ஒரு இடைவெளி. பெரிய க்யூ. ஹெச். டி. ஹெச். ஜி. யூ. இசட். கே. மேல புள்ளி கீழ கமா..."

விரல்கள் முதல் மூன்றுக்குத் தட்டின. பிறகு தட்டவில்லை. மேசையின் மேலேயே கிடந்தன.

டெய்சி திரும்பிப் பார்த்தாள். கேட்கவில்லை. நோட்டில் நாலு, முப்பத்தெட்டு என்று எழுதி அதற்கு எதிரே 'ரூத், ஞானாபரணம் மனைவி' என்று எழுதினாள். எழுதினதைச் சத்தமாகப் படித்தாள். அவர் தலையை ஆட்டினார். பூவாத்தாள் எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தார்.

"அடுத்தது படிங்க" என்றார். குரல் சரியாகத்தான் இருந்தது.

"நாலாம் வரிசை, நாப்பத்தியொண்ணு அடி. பெரிய க்யூ. ஹெச். டி. ஹெச். ஜி. யூ. இசட். கே. மேல புள்ளி கீழ கமா. அவ்வளவுதானுங்க. மனைவி, மகன்னு ஒண்ணும் இல்லை."

"அது காலி இடமுங்க" என்றார் ஐயா, சட்டென்று.

டெய்சி திரையைப் பார்த்தாள். மேல் வரியில் இப்போதுதான் அதே ஒன்பது எழுத்தை வாய்விட்டுப் படித்தாள், அதற்குள் மறந்துவிடுமா? காலி என்று அடிக்க ஒன்பது எழுத்து எதற்கு? அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு விதி உண்டு கண்ணுகளா. இடம் குறைச்சல். உயிரோடு இருக்கிறவர் பேரில் இடம் பிடித்து வைக்கக் கூடாது. சாகிற வரிசையில்தான் இடம். அதை எழுதி வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். மாட்டின பலகையில் இருக்கிற எழுத்தையும் அடித்துக் கொடுத்தவர் ஞானாபரணம் ஐயாதான்.

டெய்சி நோட்டில் 'காலி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

சாயங்காலம் அஃபான் வந்தார். நடந்ததைக் கேட்டதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஐயா, அப்ப நீங்க ஒவ்வொரு பட்டனுக்கும் என்ன எழுத்துன்னு சொல்லிட்டா போதுமே! நானு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்துடறேன். அது மிச்சத்தை மாத்திரும். இருநூறு பேரையும் நீங்க தட்ட வேண்டியதில்லை."

அவர் பட்டனைச் சொல்ல, ஐயா விரலை வைத்து எழுத்தைச் சொல்ல, தொண்ணூற்றுச் சொச்சம் எழுத்துக்கு ஒரு அட்டவணை ஆயிற்று. ஐயா இரண்டு தடவை, "மிச்சம் வேண்டாமுங்க, நானே சொல்லிப்போடறேன், எனக்கென்ன வேலை" என்று சொல்லிப் பார்த்தார். அஃபான் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மாற்றி எடுத்து வந்தார். முதல் தடவை கொம்பெல்லாம் தப்பான எழுத்துக்கு முன்னால் போய் நின்றது. திருத்தினார். இரண்டாம் தடவை இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நல்ல தமிழில் வந்து நின்றார்கள். இனிமேல் கிளி இல்லாமலே எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும், மேற்றிராசனத்துப் புது சாஃப்ட்வேரிலும் ஏறும் என்றார் அஃபான்.

ஃபாதர் கிறிஸ்டோ நின்றுகொண்டே திரையில் படித்துக்கொண்டு வந்தார். நான்காம் வரிசையில் நின்றார்.

"நாப்பத்தியொண்ணு அடி, ஞானாபரணம். இது ஆரு, அவங்க அப்பாவா?"

"இல்லீங்க சாமி. அவரேதான்" என்றாள் டெய்சி.

"உசுரோட இருக்கறவரு பேரு எப்படிக் கல்லறை லிஸ்ட்ல வந்துச்சு?"

"அவரே அடிச்சுக்கிட்டாருங்க. பன்னெண்டு வருசம் முன்னாடி."

ஐயா கதவோரம் மஞ்சப்பையோடு நின்றுகொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. "தப்புத்தானுங்க சாமி" என்றார். "அன்னைக்குக் கை அங்கேயே நிக்கலீங்க. அடுத்த வரியையும் அடிச்சுப்போட்டுச்சு. எடுத்துப்போடுங்க."

ஃபாதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விதி விதிதான், ஒருத்தருக்கு விட்டால் நூறு பேர் வருவார்கள். "டெய்சி, விதிப்படி இதை எடுத்துத்தானே ஆகணும்?" என்றார்.

"ஆமாங்க சாமி. எடுத்துடலாமுங்க" என்றாள் டெய்சி. "ஆனா மூணு ஓலை வாசிக்காம இந்தக் கோயில்ல எதையும் எடுக்கறதில்லை. போன தடவை ஓலை வாசிச்சும் என்ன ஆச்சுன்னு பாத்தீங்க. இனிமே இன்னுங் கொஞ்சம் நிதானமா இருக்கலாம்னு நெனைக்கறேனுங்க."

"சரி, வர்ற ஞாயிறு முதல் ஓலை வாசிச்சிடலாமா?"

"வர்ற ஞாயிறு கல்லறைத் திருநாளுங்க, நேரம் இருக்காது. அடுத்தது சாஃப்ட்வேர்காரரு வர்ற வாரம். அப்பறம் திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ்." விரல் விட்டு எண்ணினாள். "நானு நோட்டுல குறிச்சு வெச்சுக்கறேனுங்க. நேரம் வரும்போது எழுதி உங்ககிட்டக் குடுக்கறேன்."

ஃபாதர் டெய்சியைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். அங்கி சடசடக்கப் போய்விட்டார். வாசலில் பூவாத்தாளிடம் மட்டும், "இந்தக் கோயில்ல பங்குச்சாமி நானா அந்த அம்மாவா?" என்று கேட்டாராம்.

"ஏனுங்க சாமி, வந்து ஒரு வருசமாச்சு, இன்னுமா தெரியலை?" என்றாளாம் பூவாத்தாள்.

சனிக்கிழமை காலை டெய்சியும் ஐயாவும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அவள் டேப்பின் நுனியைக் கிழக்குத் தூணில் பிடித்தாள், அவர் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நான்காம் வரிசையில் நடந்தார். முப்பத்தெட்டில் நின்றார். சுண்ணாம்புத்தூளால் ஒரு நீளக் கட்டம் போட்டார். அதை அடுத்த நாற்பத்தியொன்றாம் அடி இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். மற்ற வீட்டுக்காரர்களும் டேப்போடு வர ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் மண்ணெல்லாம் வெள்ளைக் கட்டமாக ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜோவிதா வந்தாள், மெழுகுவர்த்தி எரிந்தது, சாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். முப்பத்தெட்டில் தெளித்தவர், நாற்பத்தியொன்றிலும் ஒரு துளி தெளித்தார். கை தவறியா, வேண்டுமென்றா என்று யாரும் கேட்கவில்லை.

புது சாஃப்ட்வேர் வந்து நன்றாக ஓடுகிறது. ஞானாபரணம் ஐயாவுக்கு இன்னொரு கண்ணும் ஆபரேசன் ஆகிவிட்டது. நோட்டீஸ் போர்டில் நாற்பத்தியொன்றாம் அடிக்கு முதலாம் ஓலை இன்னும் ஒட்டப்படவில்லை. நான் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. எந்திரிங்க, நேரமாச்சு. நீங்க பத்திரப்படுத்தி வெச்சதெல்லாம் தேடற அன்னைக்குக் கைக்குக் கிடைக்கட்டும். நீங்க தெரியாம எடுத்துப்போட்டதுக்கு யாராச்சும் ஒருத்தர் வெரல்ல ஞாபகம் இருக்கட்டும். உங்க ஊட்டுல எப்பவும் ஒரு ஆள் தன் பக்கத்துல உங்களுக்கு இடம் விட்டு உட்காரட்டும். ஊட்டுக்காரங்க, புள்ளைங்க, பெரியவங்க எல்லாரும் சொகமா இருங்க. போயிட்டு வாங்க.